பலாலிக்கு வந்த சீதாதேவி

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் மண்டகப்பட்டை எட்டிப் பார்க்காமல் திரும்புவது வழக்கம். நாங்கள் இந்தப் பொங்கல் விடுமுறையில் அந்தத் தவறைச் செய்யவில்லை. செஞ்சி - விழுப்புரம் சாலையிலிருந்து சற்று விலகிச் சென்றால், ஒரு சின்னப் பாறை. அதைக் குடைந்து ஒரு கோயில். இரு ஓரங்களிலும் கம்பீரமாக இரண்டு துவாரபாலகர்கள். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் எடுப்பித்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமே சேர்க்காமல் மும்மூர்த்திகளுக்கும் ஆலயம் சமைத்தேன் என்று கல்வெட்டிலே பெருமைப்பட்டுக்கொள்கிறான் மகாராஜா. பெருமைப்படட்டும், ஆயிரத்து நானூறு வருஷம் ஆகியும் ஒரு விரிசல் காணோமே!

எங்களுடன் என் மனைவியின் சிநேகிதியும், அவளுடைய தாயாரும், பேத்தியும் வந்திருந்தார்கள். தாயாருக்கு எண்பது வயது. யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் சொந்த ஊர். பேத்தி 'அம்மம்மா' என்று கூப்பிடுவதைக் கேட்டு நாங்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டோம்.

பாறை நிழலில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே 'உர்'ரென்று ஒரு விமானம் தெற்கு நோக்கிப் போயிற்று. அம்மம்மா கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"உது எங்கை போற பிளேன், தம்பி?"

"திருச்சிப் பக்கம் போகிறது போலிருக்கிறது, அம்மம்மா."

கடலை விற்ற அம்மாள் முந்திக்கொண்டாள். "தெனம்தான் போவுது ஆயா. போயி என்னா? நம்மூர்ல எறங்குதா?"

எல்லோரும் சிரித்தோம். அம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை. "மெய்தான் பிள்ளை. பிளேன் மேலாலை போனால் என்ன, போகாட்டி என்ன? இறங்க வேணும். அதுதான் விசயம்" என்றார்.

கடலைக்காரி சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. மண்டகப்பட்டில் இல்லாவிட்டாலும், அதிக தூரமில்லாத நெய்வேலியில் ஒரு காலத்தில் விமானம் இறங்கத்தான் செய்தது. 1981-ல் ஆரம்பமான 'வாயுதூத்' என்ற சிறிய கம்பெனியின் விமானங்கள் அங்கே வந்து போயின. 1990-களில் அந்தக் கம்பெனியே மறைந்துவிட்டது. சின்ன ஊர்களுக்குப் பறக்கும் சின்னக் கம்பெனிகளின் ஜாதகம் பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் அம்மம்மாவின் மனத்திலே இருந்தது வாயுதூத் அல்ல. அதற்கும் முப்பது வருஷத்துக்கு மேல் மூத்த இன்னொரு சின்னக் கம்பெனி. அதன் பெயர் 'ஏர் சிலோன்'.

மூன்று தேவிகள்

இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் ஆகாய உறவு புதிதல்ல. கொழும்புக்கு அருகே உள்ள இரத்மலானை விமான நிலையத்தில் 1935-ம் வருஷம் நவம்பர் மாதம் முதன்முதலாக வந்து இறங்கிய விமானத்தை ஓட்டியவர் யார் தெரியுமா? சென்னை பிளையிங் கிளப்பில் விமானம் ஓட்டக் கற்றுக் கொடுத்த டிண்டேல் பிஸ்கோ என்ற ஆங்கிலேயர்தான். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1932 அக்டோபர் 15-ந் தேதி, ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் பறந்தார். அங்கிருந்து அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். 1938-ல் அந்தத் தபால் ஸர்வீஸ் கொழும்பு வரை நீண்டது.

பிறகு யுத்தம் வந்தது. யாழ்ப்பாணத்தின் வடகரையில், காங்கேசன்துறைக்கு அருகே பலாலியில், பிரிட்டிஷ் விமானப்படை ஓர் ஓடுதளம் அமைத்தது. யுத்தம் முடிந்ததும் உலகமெங்கும் ஆயிரக்கணக்கான 'டகோட்டா' விமானங்கள் வேலையில்லாமல் நின்றன. சிப்பாய்களையும் ஜீப்புகளையும் சுமந்த விமானங்கள் மலிவாக விலைக்கு வந்தன. கொஞ்சம் பணமும் நிறையத் துணிச்சலும் இருந்தவர்களெல்லாம் நாலு டகோட்டா வாங்கி விமானக் கம்பெனி ஆரம்பித்த காலம் அது. இந்தியாவிலும் அப்படித்தான் பல கம்பெனிகள் முளைத்தன. 1953-ல் சர்க்கார் அவற்றை ஒன்றாக்கி 'இந்தியன் ஏர்லைன்ஸ்' என்று பெயர் வைத்தது.

இலங்கையில் இந்தக் காரியத்தை முன்னின்று நடத்தியவர் போக்குவரத்து மந்திரியாக இருந்த ஸர் ஜான் கொத்தலாவலை. பிற்காலத்தில் பிரதம மந்திரியானவர். மூன்று டகோட்டாக்கள் வாங்கப்பட்டன. மூன்றுக்கும் தேவிமார்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. சிங்கள வீரன் துட்டகைமுனுவின் தாய் விகார மகாதேவி. கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் தாய் சுனேத்ரா தேவி. மூன்றாவது பெயரை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை: சீதாதேவி!

1947-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி, ஏர் சிலோனின் முதல் பிரயாணம். இரத்மலானையிலிருந்து கிளம்பிக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. அந்த முதல் பிரயாணத்துக்குப் புறப்பட்டவள் சீதாதேவிதான். பாரத தேசத்திலிருந்து இலங்கைக்குச் சீதையைப் புஷ்பக விமானத்தில் ராவணன் கொண்டுபோன கதை நமக்குத் தெரியும். இந்தத் தடவை இலங்கையிலிருந்து பாரதத்துக்கு ஜனங்களைச் சீதையே சுமந்து வந்தாள்! விமானத்தை ஓட்டியவர் காப்டன் பீட்டர் பெர்னாண்டோ. ரேடியோ அதிகாரி ஜான் வேதவனம். பிரயாணிகளைக் கவனித்துக்கொண்ட பெண் மேவிஸ் விஜேரத்ன. ஆகாய விமானத்தில் பெண்கள் வேலை பார்ப்பதை உலகமே புருவத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், முதல் நாளே ஒரு பெண் அதில் ஏறிவிட்டாள் என்பதை நம் வாசகிகள் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்தியா சுதந்திரம் பெற்று அப்போது நாலு மாதங்கள்கூட ஆகவில்லை. இலங்கை சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. தேசத்துக்கு முன்பே விமானம் கிளம்பிவிட்டது!

மேடேறி உட்காரும் விமானம்

டகோட்டாவில் பிரயாணம் செய்வது எப்படி இருக்கும்? இந்தக் காலத்து ஜெட்டில் போகிறவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். அதன் சின்னச் சக்கரம் மூக்கின் கீழே அல்ல, வாலின் கீழே இருந்தது. ஆகவே தரையில் நிற்கும்போது விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாலைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். பின்பக்கத்து வாசலில் ஏறி உங்கள் ஆசனத்துக்குப் போவதென்றால், சின்ன மேடு ஏறுகிற மாதிரி ஏற வேண்டும். உள்ளே சுமார் இருபத்தைந்து பேருக்கு இடம். இரண்டு எஞ்சின்களும் போடுகிற சத்தத்தில் பக்கத்து ஆசனக்காரரோடு ரகசியம் பேச முடியாது. இப்போதைய விமானங்களைப் போல உள்ளே காற்றை அழுத்தி நிரப்பும் வசதி கிடையாது. அதனால் மிக உயரத்தில் பறக்க முடியாது. அதுவும் ஒரு லாபமே. கீழே கடலும், படகும், பனங்கூடலும் படம் போலத் தெரியும்.

"எனக்கு அப்ப பதினாறு வயசு" என்றார் அம்மம்மா. "அறுபத்திரண்டாம் ஆண்டு. அக்காவைத் திருச்சியிலை கலியாணம் கட்டிக் குடுத்தது. அம்மா மடியிலை பலகாரப் பெட்டி. கீழை வைக்க விடேல்லை. பலாலியிலை ஏறினால், தேத்தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்கு முன்னம் திருச்சி வந்திட்டுது."

அம்மம்மா கதையில் மிகை இருக்கும் என்று நினைத்து வீட்டுக்கு வந்து பூகோளப் படத்தை எடுத்துப் பார்த்தேன். மிகையே இல்லை! பலாலியிலிருந்து நேர்கோட்டில் கொழும்பு சுமார் 330 கிலோமீட்டர். சென்னை சுமார் 350 கிலோமீட்டர். திருச்சியோ 190 கிலோமீட்டர்கூட இல்லை. அதாவது, யாழ்ப்பாணத்துக்காரருக்குத் தம் நாட்டுத் தலைநகரத்தைவிடக் காவேரிக்கரை பக்கம். டகோட்டா முக்கால் மணி நேரத்தில் அந்தத் தூரத்தைக் கடந்துவிடும்.

பக்கத்தில் இருந்தால் போக்குவரத்துக்குச் சொல்லவா வேண்டும்? மகாமகம், மார்கழிக் கச்சேரி, காஞ்சிபுரத்துக் கூறைப்புடைவை, சிதம்பர தரிசனம், காலேஜ் படிப்பு, கண் டாக்டர் எல்லாவற்றுக்கும் இந்தக் கரை. காலையில் புறப்பட்டு வந்து, ஒரு சினிமா பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களைப் பற்றி யாழ்ப்பாணத்து முதியவர்கள் இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்கள். கையில் காசு குறைந்தவர்களுக்கு இருக்கவே இருந்தது 'போட் மெயில்'. 1914 முதல் ரயிலில் தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், மறுபடியும் ரயில். ஆனால் 1964 டிசம்பர் கடைசியில் வீசிய புயல் தனுஷ்கோடியைக் கடலோடு கொண்டுபோயிற்று. பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்து கிளம்பிற்று. வான்வழிக்கு இன்னும் மதிப்புக் கூடியது.

பெரிய வீட்டுச் சம்பந்தம்

ஏர் சிலோனுக்கும் பெரிய ஆசைகள் இல்லாமல் இல்லை. சின்ன வீட்டுப் பிள்ளை பெரிய இடத்தில் சம்பந்தம் செய்துகொள்வதைப் போல, வெளிநாட்டுக் கம்பெனிகளோடு ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்தது. 1949-ல் ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து லண்டனுக்கும் ஸிட்னிக்கும் 'ஸ்கைமாஸ்டர்' விமானங்களை விட்டது. அது 1953-ல் முடிந்தது. பிறகு டச்சுக்காரர்களின் கே. எல். எம். அதற்குப் பின் பிரிட்டிஷ் கம்பெனி. 1970-களில் பிரெஞ்சுக் கம்பெனி. கூட்டாளி மாறும்போதெல்லாம் விமானமும் மாறியது, வழியும் மாறியது.

இந்த அமர்க்களத்துக்கு நடுவே மாறாமல் நடந்த காரியம் ஒன்று உண்டு. வடக்கே யாழ்ப்பாணத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் போய் வந்த சின்ன விமானம். லண்டன் ஸர்வீஸ் கம்பெனிக்கு அந்தஸ்தைக் கொடுத்தது. பலாலி ஸர்வீஸ் ஜனங்களுக்கு உபயோகத்தைக் கொடுத்தது. 1964-ல் டகோட்டாவுக்குத் துணையாக 'ஆவ்ரோ' என்ற புது விமானம் ஒன்றும் வந்தது. டகோட்டாவைவிட அதிக ஆசனங்கள், அதிக வேகம்.

அந்த ஆவ்ரோதான் கதையின் முடிவுக்கும் காரணமாயிற்று. 1978-ம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி, இலங்கையில் புதிய அரசியல் சட்டம் பிரகடனமான நாள். பலாலியிலிருந்து வந்து இரத்மலானையில் நின்றிருந்த ஆவ்ரோ, உள்ளே வைக்கப்பட்ட வெடிகுண்டினால் எரிந்து நாசமாயிற்று. விடுதலைப் புலிகள் அதற்குப் பொறுப்பேற்றார்கள். பிரயாணிகள் ஏற்கெனவே இறங்கிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், முப்பது வருஷத்துக்கு மேல் திறந்திருந்த ஒரு வாசல் அத்துடன் சாத்திக்கொண்டது. ஏர் சிலோன் கடனிலும் நிர்வாகக் குழப்பத்திலும் தள்ளாடிக்கொண்டிருந்த சமயம் அது. 1979-ல் அதன் இடத்தில் 'ஏர் லங்கா' பிறந்தது. புதிய கம்பெனியின் கண் தூர தேசங்களின் மேல் இருந்தது. பலாலியிலிருந்து இந்தியாவுக்கு விமானம் இல்லை.

சொந்த வீட்டுக்கு மேலே

பின்பு நடந்தவை நம் வாசகர்கள் அறியாதவை அல்ல. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983-ல் ஆடிக் கலவரம். 1990-ல் பலாலியைச் சுற்றியிருந்த ஊர்களின் ஜனங்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். ஓடுதளம் ராணுவத்தின் கையில் இருந்தது. பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே மட்டும் அவ்வப்போது தனியார் விமானங்கள் பறந்தன. அவற்றில் ஒன்று 1998 செப்டம்பர் 29-ந் தேதி மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டார்கள்.

"அக்கா செத்தது தொண்ணூற்றிமூண்டிலை" என்றார் அம்மம்மா, கடலைத் தோலை முந்தானையிலிருந்து தட்டிக்கொண்டே. "திருச்சியிலை. எங்களுக்குச் செய்தி வரவே பத்து நாள் போட்டுது. யாழ்ப்பாணத்திலை அப்ப போன் ஏது? பாஸ் எடுத்து, இரவிலை கிளாலிக் கடலாலை வள்ளத்திலை வந்து, வவுனியா வந்து, கொழும்பு வந்து, அங்கை விசாவுக்கு நிண்டு, பிளேன் ஏறேக்கை முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சுது."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

"பிளேனிலை பக்கத்திலை இருந்த பெடியன் சொன்னான், 'கீழை யாழ்ப்பாணம் தெரியுது ஆச்சி, பாருங்கோ' எண்டு. எட்டிப் பார்த்தன். கடல்நீரேரி தெரியுது. வெள்ளை வெள்ளையாய் உப்புத் தரவை தெரியுது. எங்கட வீடு அதுக்குள்ளை எங்கையோ. அக்காவைப் பார்க்க வெளிக்கிட்டு மூண்டு கிழமை சுத்தி, திரும்பவும் என்ரை வீட்டுக்கு மேலாலைதான் போறன்."

இதையும் நான் படத்தில் பார்த்தேன். கொழும்புக்கு அருகே கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு ஒரு கோடு போட்டால், அது யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலேதான் போகிறது. நாற்பத்தொரு வருஷம், யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி சென்னைக்கு வர வேண்டுமென்றால், முதலில் தெற்கே 400 கிலோமீட்டர் தரைவழியாகப் போக வேண்டும். அங்கே விமானம் ஏறி, வடக்கே பறந்து, சொந்தக் கூரையைத் தாண்டி வர வேண்டும். 'மேலாலை போனால் என்ன?' என்று அம்மம்மா பாறை நிழலில் கேட்ட கேள்விக்கு அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுபடியும் சின்ன விமானம்

2009-ல் யுத்தம் ஓய்ந்தது. அதற்கும் பத்து வருஷம் கழித்து, 2019-ம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி, பலாலி 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்ற பெயரோடு திறக்கப்பட்டது. நவம்பர் 11-ந் தேதி சென்னையிலிருந்து 'அலையன்ஸ் ஏர்' ஸர்வீஸ் ஆரம்பமாயிற்று. இதுவும் சின்னக் கம்பெனிதான். விமானமும் சின்னதுதான்: இரண்டு விசிறிகள் சுழலும் ஏ. டி. ஆர்., சுமார் எழுபது ஆசனம். டகோட்டாவின் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

சந்தோஷம் நாலு மாதம்தான். 2020 மார்ச்சில் கொரோனா வந்து வாசலை மறுபடியும் சாத்திற்று. 2022 டிசம்பர் 12-ந் தேதி மீண்டும் திறந்தது. 2024 செப்டம்பரில் 'இண்டிகோ'வும் சென்னையிலிருந்து பறக்க ஆரம்பித்தது. 2025 மார்ச் 30-ந் தேதி அந்தக் கம்பெனி இன்னொரு காரியமும் செய்தது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேராக விமானம் விட்டது! அம்மம்மாவின் அக்கா வாழ்க்கைப்பட்ட அதே திருச்சியிலிருந்து.

இவற்றையெல்லாம் லாப நஷ்டக் கணக்குப் புஸ்தகத்தில் வைத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. எழுபது ஆசனத்தில் எத்தனை நிரம்பின, எண்ணெய் என்ன விலை, விமான நிலைய வரி எவ்வளவு என்று கணக்கர் கேட்பார். கேட்க வேண்டியதுதான். அந்தக் கணக்குத் தப்பியதால்தான் எத்தனையோ சின்னக் கம்பெனிகள் மறைந்து போயின. ஆனால் கணக்கில் எழுத முடியாத வரவு ஒன்று உண்டு. உடன்பிறந்தவள் முகத்தைக் கடைசித் தடவை பார்க்க முடிந்ததா, இல்லையா என்பது எந்தப் பத்தியில் ஏறும்?

சாயங்காலம் ஆகிவிட்டது. புறப்படுமுன் கோயிலின் உள்ளே மறுபடியும் போய்ப் பார்த்தோம். மூன்று தெய்வங்களுக்காகக் குடைந்த மூன்று அறைகள். மூன்றும் இப்போது காலி. ஆனாலும் கல் நிற்கிறது. எடுப்பித்தவன் பெயரும் நிற்கிறது. ஆகாயத்தில் போட்ட பாதைக்கு அப்படி ஒரு கல்வெட்டு ஏது? சீதாதேவி பறந்து போன சுவடு வானத்தில் இல்லை. அம்மம்மாவைப் போன்றவர்கள் நினைவில்தான் இருக்கிறது.

காரில் ஏறும்போது அம்மம்மா கடலைக்காரியிடம் இன்னும் இரண்டு கிலோ நிறுக்கச் சொன்னார்.

"இவ்வளவும் யாருக்கு, அம்மம்மா?" என்று கேட்டேன்.

"வைகாசியிலை அக்காவின்ரை பேத்திக்குத் திருச்சியிலை கலியாணம். சுன்னாகத்திலையிருந்து எங்கட ஆக்கள் பன்னிரண்டு பேர் வருகினம். பலாலியிலை ஏறி நேரை திருச்சி. வறுத்து வைச்சால் அவைக்கு ஆகும்" என்றார்.

பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவர் போலச் சிரித்தார்.

"தேத்தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்கு முன்னம் வந்திடுவினம், தம்பி!"